கடலூர் ரோட்டில் கால் கொடுத்தவர்

பாஸ்கரன் சார் இறந்த செய்தி எனக்கு வீடியோவாக வந்தது. அன்று பிற்பகல் ஒரு டாக்டரின் கிளினிக் வாசலில் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அதைப் போட்டிருந்தார்கள். "செயின் திருடன் வசமா சிக்கினான், எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க" என்று மேலே எழுதியிருந்தது. கடலூர் சாலை ஓரத்து மண்ணில் ஒருவர் கிடக்கிறார். சுற்றிலும் கால்கள். ஒரு இளைஞன் ஹெல்மெட்டைக் கழற்றி அதாலேயே அவர் முகத்தில் அடிக்கிறான். இன்னொருவன் விலாவில் மிதிக்கிறான். கிடப்பவர் எதையோ சொல்லப் பார்க்கிறார், வாய் நிறைய ரத்தம், சொல் வரவில்லை. யாரோ அவருடைய டையைப் பிடித்து இழுத்தபோது முகம் கேமரா பக்கம் திரும்பியது.

புதுச்சேரி வெயிலில் டை கட்டிக்கொண்டு பைக் ஓட்டுகிறவர் எங்கள் மருந்து விற்பனைத் தொழிலில் அவர் ஒருவர்தான் மிச்சம். இருந்தாலும் என் கண் நம்பவில்லை. அவருடைய எண்ணுக்கு அடித்தேன். நெடுநேரம் மணி அடித்து, ஒரு போலீஸ்காரர் எடுத்தார். "இந்த போன் வெச்சிருந்தவரு செத்துட்டாரு. நீங்க யாரு?" என்றார். டாக்டர் உள்ளே கூப்பிட்டதும், நான் எழுந்து ஓடியதும், பையை அங்கேயே விட்டுவிட்டதும் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர் யார் என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஆகவே இதை எழுதுகிறேன். அழகாக எழுத வராது, கோபமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்கரன் சார் முத்தியால்பேட்டைக்காரர். தந்தையார் பஞ்சாலைத் தொழிலாளி. மகன் பி.எஸ்ஸி. படித்துவிட்டு மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்தார், கடைசிவரை அதே வேலை. நான் போட்டிக் கம்பெனிக்காரன், வயதில் இளையவன். ஒரே டாக்டரிடம் அவர் ஒரு இருமல் மருந்தையும் நான் இன்னொரு இருமல் மருந்தையும் புகழ்ந்துவிட்டு வெளியே வந்து சேர்ந்து டீ குடிப்போம்.

அவரை சாந்த சொரூபி என்று எழுதினால் அவரே எழுந்துவந்து என்னைத் திட்டுவார். வாய் அப்படி. எங்கள் முதல் சந்திப்பே திட்டில்தான் தொடங்கியது. வேலைக்குச் சேர்ந்த புதிது. தவளக்குப்பம் அருகே என் பைக் நின்றுவிட்டது. உச்சி வெயிலில் உருட்டிக்கொண்டு வருகிறேன். வண்டிகள் பறக்கின்றன, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஒரு ஹாரன்.

"யோவ், எத்தினி நேரமா உருட்டற? அறிவு இல்ல? கைய காட்ட வேண்டியதுதான? ஏறி ஒக்காரு. ஹேண்டில மட்டும் நேரா புடி. நான் கால் குடுக்கறேன். பிரேக்ல கை வெச்ச, ரெண்டு பேரு பல்லும் பேந்துரும்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நின்றுபோன வண்டியில் அதன் சொந்தக்காரர் ஏறி உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொள்வார். உதவுகிறவர் தன் வண்டியைப் பின்னால் சற்று வலப்பக்கமாக ஓட்டிவந்து, இடது காலை நீட்டி, முன்னால் உள்ள வண்டியின் பின் ஃபுட்ரெஸ்டில் வைத்து அழுத்தியபடி போவார். ஒரு இன்ஜினில் இரண்டு வண்டி ஓடும். இதற்கு எங்கள் பக்கத்தில் கால் கொடுப்பது என்று பெயர். சட்டப்படி சரியா என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் இரு சக்கர வண்டி வைத்திருக்கும் எவரும் ஒரு தடவையாவது கொடுத்திருப்பார், அல்லது வாங்கியிருப்பார். பாஸ்கரன் சாருக்கு அதில் தினமும் வேலை இருந்தது. அவர் இடது ஷூவின் அடிப்பாகம் வலது ஷூவுக்கு முன்பே தேய்ந்துபோகும்.

முதலியார்பேட்டை மெக்கானிக் கடைவரை தள்ளிவந்து விட்டார், வழி நெடுகத் திட்டிக்கொண்டே. நான் நன்றி சொன்னேன். "நன்றி கின்றியெல்லாம் நீயே வெச்சிக்க. நாளைக்கு ரோட்ல எவனாவது நின்னு, நீ பாத்துட்டு போனன்னு என் காதுக்கு வந்துது, அப்ப இருக்கு ஒனக்கு" என்றார். நான் பயந்துதான் போனேன்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. சாலையில் யாராவது விழுந்துகிடந்தால், முதலில் ஆளை ஓரமாக இழுத்துப் போடுவார். அடுத்து, கீழே சிதறியதைப் பொறுக்குவார். கைப்பேசி, பர்ஸ், வாட்ச், ஒற்றைச் செருப்பு, சாப்பாட்டு டப்பா. விழுந்தவனிடம் அடிபட்ட நேரத்தில் திருடுகிற கைகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். பொறுக்கியதை வேறு யாரிடமும் தரமாட்டார், போலீஸ்காரர் கேட்டாலும் இழுத்தடிப்பார். அடிபட்டவர் கையில், இல்லையென்றால் அவர் வீட்டார் கையில்தான் கொடுப்பார்.

ஒருமுறை நானும் கூட இருந்தேன். டிப்பர் லாரி ஒன்று பைக்காரர் ஒருவரின் காலின் மேல் ஏறிவிட்டது. முட்டிக்குக் கீழே பார்க்க முடியவில்லை. அந்த மனிதர் அலறினார். கூட்டம் சேர்ந்தது. சேர்ந்த கூட்டம் அவரை விட்டுவிட்டு லாரி டிரைவரைக் கதவைத் திறந்து கீழே இழுத்தது. செங்கல், பெல்ட், கிடைத்ததெல்லாம் மேலே விழுந்தது. பாஸ்கரன் சார் டையை உருவி அடிபட்டவரின் தொடையில் இறுக்கிக் கட்டிவிட்டு என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நேரே கூட்டத்துக்குள் போனார். ஒருவன் கையிலிருந்த செங்கல் அவர் தாடையில் பட்டது. ஒரு பல்லைத் துப்பிவிட்டு நின்ற இடத்தில் நின்று கத்தினார்.

"அடிக்க இத்தினி பேரு வந்தீங்களேடா, தூக்க ரெண்டு பேரு வாங்கடா!"

இரண்டு பேர் வந்தார்கள். டிரைவரும் பிழைத்தார், பைக்காரரும் பிழைத்தார். டிரைவர் மேல்தான் தப்பு, அது பாஸ்கரன் சாருக்கும் தெரியும். "தப்பு பண்ணவன ஜெயில்ல போடு. ரோட்ல கொல்றதுக்கு நீ யாரு?" என்று பிறகு டீக்கடையில் என்னிடம் சண்டை போட்டார். நான் எதிர்த்து எதுவும் சொல்லவில்லை, ஆனாலும் சண்டை போட்டார்.

இன்னொரு சமயம், வெளியூரிலிருந்து குடிக்க வந்த இருவர். சனிக்கிழமை நம் ஊருக்கு இப்படி எத்தனையோ பேர் வருவார்கள். பெட்ரோல் தீர்ந்து நடுச்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றார்கள். ஓரமாக எடு என்று இவர் தம் பாணியில் சொல்லியிருக்கிறார். ஒருவன் பீர் பாட்டிலால் நெற்றியில் அடித்துவிட்டான். ரத்தம் கண்ணில் இறங்கியது. இவரும் சும்மா இருக்கவில்லை, அடித்தவன் கன்னம் வீங்குகிற அளவுக்குத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு அதே இருவரையும் வண்டியில் உட்காரவைத்து, பங்க் வரை கால் கொடுத்துக் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து நேரே தையல் போடப் போனார். "ஏன் சார், அவனுங்கள அப்படியே உட்டுட்டு வர வேண்டியதுதான?" என்றேன். "லாரி வர்ற ரோடுய்யா அது. அடிச்சதுக்கு அடிச்சாச்சி. சாவணுமா அதுக்கு?" என்றார்.

அவருடைய மனைவி அமுதா அவர்கள் தையல் வகுப்பு நடத்துகிறார். ஒரே மகள் சென்னையில் வேலை பார்க்கிறார். நெற்றியில் தையலோடு வீட்டுக்குப் போன அன்று அமுதா அக்கா என்னிடம் மெல்லிய குரலில் கேட்டார், "ரோட்ல நிக்கற எல்லாருக்கும் இவருதானா? வேற ஆளே இல்லியா இந்த ஊர்ல?" வழியில் நின்று தாமதமானதற்கு மேலாளர்களிடம் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்ப் பதவி உயர்வே வேண்டாம் என்று இருந்துவிட்டார் சார்.

இனி அந்தக் கடைசிப் பிற்பகல். செல்வி என்ற பெண்மணி சொன்னதையும், அங்கே கரும்புச்சாறு விற்கும் அம்மாள் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

செல்வி கடலோரக் கிராமத்தைச் சேர்ந்தவர். மீன் வியாபாரம். விற்று முடித்துவிட்டு, காலி அன்னக்கூடையை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வீடு திரும்புகையில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பாஸ்கரன் சார் நிறுத்தியிருக்கிறார். "யம்மா, மீன நம்பி வண்டி ஓடாது, பெட்ரோலு ஊத்தணும்" என்றாராம். செல்வி சிரித்துவிட்டாராம். ஏறி உட்காரச் சொல்லிக் கால் கொடுத்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். வழியில் வெள்ளைப் பெயின்ட் அழிந்துபோன ஒரு வேகத்தடை. அதே நேரத்தில் பின்னால் ஒரு பஸ் ஏர் ஹாரனை அலறவிட்டது. செல்வி பதறி பிரேக்கைப் பிடித்துவிட்டார். ஸ்கூட்டர் சாய்ந்தது. தலை சாலையோரக் கல்லில் மோதியது. நினைவு போய்விட்டது. கழுத்திலிருந்த தாலிச் சங்கிலி அறுந்து மண்ணில் விழுந்தது.

இவர் எப்போதும் செய்வதைச் செய்தார். ஆளை ஓரமாக இழுத்தார். கைக்குட்டையைத் தலைக் காயத்தில் வைத்து அழுத்தினார். பிறகு சிதறியதைப் பொறுக்கினார். பர்ஸையும் கைப்பேசியையும் அந்த அம்மாவின் மடியில் வைத்தார். தாலியைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

பின்னால் வந்த ஒரு பைக்காரர் வண்டியை நிறுத்திக் கத்தினார். "எட்டி ஒதைச்சான்! நான் பாத்தேன்! செயினு அவன் கையில கீது பாரு!"

அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். சங்கிலி பறிப்பவர்கள் ஓடும் வண்டியை எட்டி உதைத்துப் பெண்களை விழவைப்பது நாம் எல்லோரும் கேள்விப்பட்டதுதான். முன்வண்டியில் ஒரு கால், கீழே ஒரு பெண், கையில் தாலி. மூன்றையும் சேர்த்தால் கூட்டத்துக்குப் போதும். நாமும் வாழ்நாளில் எத்தனை தடவை கால் கொடுத்திருப்போம், வாங்கியிருப்போம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

பாஸ்கரன் சார் ஓடியிருக்கலாம். வண்டியில் சாவி இருந்தது. "அடிக்கறத அப்புறம் அடிங்கடா, மொதல்ல இந்தம்மாவ தூக்குங்கடா" என்றுதான் கத்தினாராம். அந்த வாய்! கெஞ்சியிருந்தால் ஒருவேளை யாராவது கேட்டிருப்பார்கள். இவர் திட்டினார். திருடிவிட்டுத் திமிராகப் பேசுகிறான் என்று இன்னும் விழுந்தது. சாறு பிழியும் அம்மாள் குறுக்கே ஓடிவந்து, "தள்ளிக்கினுதான்பா வந்தாரு, நான் பாத்தேன்" என்று சொல்லியிருக்கிறார். அவரையும் தள்ளிவிட்டார்கள். மூங்கில் கழி வந்தது. கரும்பு வந்தது, அந்த அம்மாளின் கடையிலிருந்தே உருவிய கரும்பு. ஒருவன் ஒரு கையில் கைப்பேசியைப் பிடித்துப் படமெடுத்தபடி மறுகையால் அடித்தான்.

கையைத் திற என்றார்கள். திறக்கவில்லை. "அந்தம்மா கையிலதான் குடுப்பேன்" என்றாராம். விரல்களைப் பிரித்துப் பார்த்தார்கள், முடியவில்லை. பூட்ஸ் காலால் அந்தக் கையை மிதித்தார்கள். பிரேதப் பரிசோதனை செய்தவர்கள் அந்தக் கையில் உடையாத விரல் இல்லை என்றார்கள்.

இதற்குள் யாரோ செல்வியின் கைப்பேசியிலிருந்து அவர் தம்பியைக் கூப்பிட்டிருந்தார்கள். பக்கத்தில்தான் இருந்தான், வந்துவிட்டான். அக்கா ரத்தத்தில் கிடக்கிறாள், இவன்தான் செய்தான் என்று ஊரே காட்டுகிறது. வீடியோவில் ஹெல்மெட்டால் அடித்தது அவன்தான்.

நான் அரசு மருத்துவமனைக்குப் போனபோது அமுதா அக்கா பிணவறைப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் தூரத்தில் நின்றார்கள். துக்கம் கேட்பதா வேண்டாமா என்று அவர்களுக்கே தெரியவில்லை. வீடியோ எல்லார் பையிலும் இருந்தது. ஒரு உறவினர் என் காதருகே வந்து, "ஏதாச்சும் கடன் கிடன் இருந்துச்சா அவருக்கு?" என்று கேட்டார். அவரை நான் அடிக்காமல் விட்டது பாஸ்கரன் சாருக்காகத்தான்.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் தொண்டை கிழியச் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "சார், நீங்க அவரு ஃப்ரெண்டு. சாறு விக்கற அம்மா ஒண்ணு சொல்லுது, மத்தவன் எல்லாம் வேற சொல்றான். அடிபட்ட பொம்பள கண்ணு முழிக்கட்டும். அது சொல்றதுதான்" என்றார். பாஸ்கரன் சார் கொலையானவரா, கொல்லப்பட்ட திருடரா என்பது மேலே வார்டில் கிடந்த ஒரு பெண்ணின் வாயில் இருந்தது. அந்த அம்மா கண் விழிக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன், அவருக்காக இல்லை, உண்மையைச் சொல்கிறேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் விழித்தார். அதிகாரியோடு நானும் வார்டு வாசலில் நின்றேன். தலைமாட்டில் தம்பி நின்றான். செல்வி முதலில் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

"டேய், டை கட்டிக்கினு ஒரு சாரு வந்தாரே, என் வண்டிய தள்ளி உட்டுக்கினு. அவரு எங்கடா? பாவம், அவருக்கு அடி கிடி படலியே?"

தம்பி ஓர் அடி பின்னால் நகர்ந்தான். "கேக்கறேன்ல" என்றார் அவர். அவன் சுவர் பக்கம் திரும்பித் தலையை மோதத் தொடங்கினான். மோதிக்கொண்டே இருந்தான். நர்ஸுகள் ஓடிவந்து பிடித்தார்கள். எனக்கு இரக்கம் வரவில்லை. இதை எழுதும் இந்த நாள்வரை வரவில்லை. போலீசார் அவனை அங்கிருந்தே அழைத்துப் போனார்கள். மற்றவர்களையும் ஒவ்வொருவராகத் தேடிப் பிடிக்கிறார்கள்.

மறுநாள் மதியம் உடல் முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்தது. முகத்தை மூடித்தான் வைத்திருந்தோம். மகள் அதைத் திறக்க வேண்டும் என்று அழுதார், யாரும் விடவில்லை. செல்வி சொன்னது பேப்பரில் சின்னதாக வந்திருந்தது. வீடியோவை அனுப்பியவர்களில் ஒருவர்கூட அதை அனுப்பவில்லை. தெருவில் கூட்டம் இருந்தது, ஆனால் தெருவின் மறுபக்கம், எதிர் வாடையில் நின்றது.

எடுக்கப்போகும் நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. செல்வி இறங்கினார். தலையில் கட்டு, ஒரு கையில் மாவுக்கட்டு. டாக்டர்கள் போகக் கூடாது என்று சொல்லியும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அமுதா அக்காவின் முன்னால் மண்ணில் உட்கார்ந்தார். "யக்கா, அவரு ஒண்ணுமே பண்லக்கா. என் வண்டிய தள்ளித்தான் உட்டாரு" என்று முனகினார். காலில் விழப்போனார். எல்லோரும் அமுதா அக்காவைப் பார்த்தார்கள். அடிப்பாரோ, அணைத்துக்கொள்வாரோ என்று.

அக்கா இரண்டையும் செய்யவில்லை. எதிர் வாடையைக் கை காட்டினார். "எங்கிட்ட சொல்லாத. எனக்குத் தெரியும். அவங்களுக்கு சொல்லு. சத்தமா சொல்லு."

செல்வி எழுந்தார். தெருத்தெருவாக மீன் கூவி விற்ற குரல் அது. "திருடன் இல்ல! இவரு திருடன் இல்ல! நடுரோட்ல நின்ன என் வண்டிய தள்ளி உட்டவரு! எந்தம்பி கொன்னுட்டான்! ஊரே சேந்து கொன்னுட்டீங்க!" என்று கத்தினார். மாடியில் நின்றவர்கள் கீழே வந்தார்கள். சவ வண்டி நகர்ந்தது. அவர் வண்டிக்கு முன்னால் நடந்தார். தெருமுனைக்கு மேல் பெண்கள் வருவதில்லை என்பது எங்கள் வழக்கம். தடுத்தார்கள், அவர் கேட்கவில்லை. முக்கு முக்காக நின்று கத்தினார். பைக்கில் வந்தவர்கள் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு கேட்டார்கள்.

பெரிய சாலைக்கு வந்ததும் அவர் குரல் போய்விட்டது. வாய் அசைகிறது, காற்றுதான் வருகிறது. தலைக்கட்டில் ரத்தம் கசிந்திருந்தது. அங்கேதான் கூட்டம் அதிகம், சிக்னலில் நூறு வண்டிகள் நின்றன, யாருடைய இறுதி ஊர்வலம் என்று எட்டிப் பார்த்தன. நான் கத்த வாயைத் திறந்தேன், எனக்கும் வரவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. அதை நான் அதுவரை கேட்டதே இல்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் அந்த அம்மா குரலை உயர்த்தி நான் அறியேன். தெருமுனையில் பிடித்து நிறுத்தியவர்களை உதறிவிட்டு, செருப்பில்லாமல் தாரில் ஓடிவந்திருந்தார் அமுதா அக்கா.

"என் வூட்டுக்காரரு திருடன் இல்ல!"

சிக்னல் பச்சையானது. ஒரு வண்டியும் நகரவில்லை.

பாஸ்கரன் சார், சுடுகாடு வரை உங்களுக்கு முன்னால் அந்தக் குரல்தான் போனது. நீங்கள் நிம்மதியாகப் போங்கள். திட்டுவதற்கு இங்கே நாங்கள் இருக்கிறோம்.